மெய்நிகர் ஓட்டம்: பதக்கத்துக்குப் பணம் கட்டலாமா?

பேசின் பிரிட்ஜில் குடியிருப்பவர் சென்னையின் பெரிய ஓட்டப் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ள வேண்டுமென்றால், பெரும்பாலும் விடிவதற்கு முன்பே தெற்கு நோக்கிக் கிளம்பியாக வேண்டும். மெரினா, பெசன்ட் நகர், பழைய மகாபலிபுரம் சாலை என்று நகரத்தின் ஓட்டமெல்லாம் அந்தப் பக்கம்தான். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியபோதும், சென்னைக்கான பாதை பெசன்ட் நகரில்தான் அமைந்தது. ஆகவே, வீட்டு வாசலிலிருந்தே ஓடலாம், பதக்கம் கூரியரில் வரும் என்று செல்பேசியில் வரும் விளம்பரம் வடசென்னைக்காரரை மற்றவர்களைவிடக் கூடுதலாக இழுப்பதில் வியப்பில்லை. அதற்குச் சில நூறு ரூபாய் கட்டலாமா?

மெய்நிகர் ஓட்டத்தின் நடைமுறை எளிது. இணையத்தில் பதிவு செய்து 5, 10 அல்லது 21 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறிப்பிட்ட நாளிலோ, கொடுத்த கெடுவுக்குள்ளோ ஓடி முடித்து, ஸ்ட்ராவா போன்ற செயலியில் பதிவான தூரத்தையும் நேரத்தையும் அனுப்ப வேண்டும். சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். பதக்கம் சில வாரங்களில் தபாலில் வரும். பல இடங்களில் டி-ஷர்ட்டுக்கும் கூரியருக்கும் தனிக் கட்டணம் உண்டு.

இதைப் பரவலாக்கியது கொரோனா. 124 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக 2020-ல் பாஸ்டன் மாரத்தான் ரத்தானது. பதிலுக்கு, முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் ஆறு மணி நேரத்துக்குள் அவரவர் ஊரிலேயே ஓடி முடிக்கச் சொன்னார்கள். லண்டன் இன்னும் தாராளம் காட்டியது. 2020 அக்டோபர் 4 அன்று, 24 மணி நேரத்துக்குள் 42 கிலோமீட்டரை நடந்தோ ஓடியோ எப்படியாவது முடித்தால் போதும். 37,966 பேர் முடித்தார்கள்; அது கின்னஸ் சாதனையானது. இங்கே அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 2 வரை நடந்த மத்திய அரசின் ஃபிட் இந்தியா சுதந்திர ஓட்டத்துக்குக் கட்டணமே கிடையாது; சான்றிதழும் கிடைத்தது. கலைஞர் நினைவு மாரத்தானும் 2020, 2021 ஆண்டுகளில் இணையவழியாகத்தான் நடந்தது. ஊரடங்கு போனதும் மக்கள் எதை விரும்பினார்கள் என்பதும் அந்தப் பந்தயத்திலேயே தெரிந்தது: 2023-ல் நேரில் பங்கேற்றவர்கள் 73,206 பேர், அதுவும் கின்னஸில் ஏறியது.

ஊக்கம் என்ற கேள்விக்கு வருவோம். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இங்கே ஓரளவு பொருந்தும். படம் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வேறு சிலருக்கு முன்னறிவிப்பின்றிப் பரிசு கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகளுக்குத்தான் வரைவதில் நாட்டம் குறைந்திருந்தது. மற்ற இரு பிரிவினரின் ஆசை அப்படியே இருந்தது.

ஏற்கெனவே மகிழ்ந்து ஓடுபவர் மாதம் ஒரு பதக்கம் என்று வாங்கத் தொடங்கினால், பதக்கம் இல்லாத மாதத்தில் ஓட்டமும் நின்றுபோகும் ஆபத்து உண்டு என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால், ஓடவே தொடங்காதவரின் கதை வேறு. குறைவதற்கு அவரிடம் ஆசையே இன்னும் பிறக்கவில்லை. காசு கட்டியாயிற்று, ஆறு வாரத்தில் நாள் வருகிறது, வீட்டிலும் சொல்லியாயிற்று என்ற மூன்றும் சேர்ந்து அவரைக் காலையில் எழுப்பிவிடும். வேலை செய்வது அந்தத் தேதிதான், தபாலில் வரும் உலோகம் அல்ல.

சரி, எங்கே ஓடுவது? எங்கே வேண்டுமானாலும் என்கிறது விளம்பரம். பேசின் பிரிட்ஜில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஒரு பக்கம் ரயில் பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் யார்டு. இன்னொரு பக்கம் வாயுச்சுழலி மின்நிலையம். நடுவே ஓட்டேரி நல்லா என்ற ஓடை வந்து கலக்கும் பக்கிங்காம் கால்வாய். நடைபாதை இருக்கும் இடத்தில் வண்டி நிற்கும். இல்லாத இடத்தில் சாலையோரமாக லாரியை உரசிக்கொண்டு போக வேண்டும். ராயபுரம் தாண்டி எண்ணூர் விரைவுச்சாலைக்குப் போனால் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். குளிர்காலத்தில் விடியற்காலைக் காற்றும் சுத்தமல்ல. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையை மேலே எழும்ப விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் சமிக்ஞை அறுந்துவிடும்; உள்ளே போன இடத்தையும் வெளியே வந்த இடத்தையும் செயலி நேர்கோட்டால் இணைத்துவிடும். சிக்னலில் நின்ற நேரத்தைச் செயலி கழிக்குமா, சேர்க்குமா என்பதும் உங்கள் அமைப்பைப் பொறுத்தது. ஆகவே, உங்கள் நேரத்தைப் பெரம்பூர்க்காரரின் நேரத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கட்டணத்தின் நியாயத்தை எடைபோட வேண்டியது இந்த இடத்தில்தான். நேரில் நடக்கும் பந்தயத்தில் நீங்கள் கட்டும் பணம் மூடிய சாலையாக, தண்ணீர்ப் பந்தலாக, ஆம்புலன்ஸாக, துல்லியமாக அளந்த தூரமாகத் திரும்பி வருகிறது. மெய்நிகர் ஓட்டத்தில் இவை எதுவும் இல்லை. சாலையின் ஆபத்தும் தாகமும் மயக்கமும் ஓடுபவர் பொறுப்பு. அமைப்பாளர் பொறுப்பு பதக்கமும் தபாலும் மட்டும். ஆகவே, கட்டணம் நேரடிப் பந்தயத்தின் அளவுக்கு இருந்தால் கட்டாதீர்கள். வசூலாகும் பணம் நற்பணிக்கு என்றால், எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. ஓட்டத்துக்குப் புதியவர் ஒரே ஒரு முறை, 5 கிலோமீட்டருக்கு, ஆறு முதல் எட்டு வாரம் தள்ளியுள்ள தேதியில் சேரலாம். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பந்தய நாளில் நெடுஞ்சாலை வேண்டாம். பள்ளி மைதானமோ பூங்காவின் நடைத்தடமோ போதும். 400 மீட்டர் தடமென்றால் பன்னிரண்டரைச் சுற்று. தூரத்தை அறிய ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டியதே இல்லை. கூட ஓட ஒருவர் கிடைத்தால் மிக நல்லது. இரண்டாவது பதக்கத்துக்கான பணத்தை நல்ல காலணிக்குச் சேர்த்து வையுங்கள்.

பந்தயம் நடத்துபவர்களிடமும் மாநகராட்சியிடமும் ஒரு வேண்டுகோள். வியாசர்பாடியின் கால்பந்துப் பிள்ளைகளும் காசிமேட்டின் இளைஞர்களும் ஓடத் தெரியாதவர்கள் அல்லர். அவர்களுக்குக் கூரியரில் பதக்கம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒரு ஞாயிறு காலையாவது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை லாரிகளை நிறுத்திவைத்து, அந்தச் சாலையை ஓடுபவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.