குளத்தூர் விளைக்கு எந்த ரோட்டவேட்டர்?

பாறசாலையை அடுத்த குளத்தூர், காரோடு, செங்கல் ஊர்களில் நிலத்தைச் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள். கையாலை வைத்துப் பிரித்த விளைகள். உள்ளே தென்னை, இடையில் ஏத்தன் வாழை, மேட்டில் மரச்சீனி. மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைக்காததால் மினி டிராக்டர் வாங்குகிறார்கள். டிராக்டரைப் பத்துப் பேரிடம் விசாரித்து வாங்குபவர்கள், பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரைக் கடைக்காரர் காட்டியபடி எடுத்துவிடுகிறார்கள். மண்ணைத் தொடுவது அதுதானே!

கடைக்குப் போகுமுன் டேப்புடன் விளைக்குப் போங்கள். கையாலை இடைவெளியில் வண்டி நுழையுமா என்று முதலில் அளக்க வேண்டும். பிறகு மரங்களுக்கு இடையே. தென்னைக்குச் சொல்லப்படும் இடைவெளி 7.5 மீட்டர். தென்னை வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. இரு பக்கமும் அந்த இரண்டு மீட்டரை விட்டால் உழ மிஞ்சுவது 3.5 மீட்டர், 4 அடிக் கருவி மூன்று ஓட்டத்தில் முடித்துவிடும். 2 மீட்டர் இடைவெளியில் நட்ட ஏத்தனுக்குள் அதைக் கொண்டுபோவது சரியல்ல. வாழை வேர் மேலாக ஓடுவது. அங்கே நடுவதற்கு முன் உழுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து குதிரைத்திறன். விளம்பரத்தில் இருப்பது எஞ்சின் கணக்கு. ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வருவது அதைவிடக் குறைவு. 24 குதிரைத்திறன் வண்டியில் ஏறக்குறைய 20தான் கிடைக்கும். அதற்கு 4 அடி பொருந்தும். 15 முதல் 18 வரையுள்ள வண்டிக்கு 3 அடி போதும். பொழியூர்ப் பக்கத்து மணலில் எதுவும் ஓடும். வெட்டுக்கல் கலந்த மேட்டுமண்ணில் அகலக் கருவி எஞ்சினைத் திணறடிக்கும். அங்கே அரை அடி குறைத்து வாங்குவதே நல்லது என்பேன்.

ஆனால் குறைப்பதற்கும் எல்லை உண்டு. பின்சக்கரங்களின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து பாருங்கள். ரோட்டவேட்டர் அதைவிடக் குறுகலாக இருந்தால், உழுத மண்ணைச் சக்கரமே மிதித்து இறுக்கிவிடும்.  

எடையையும் கேளுங்கள். கருவியைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிட்டால் சரிவில் ஸ்டியரிங் பிடிக்காது. முன்னால் எடைக்கட்டி போட இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிளேடு. ஆஸ்திரேலியாவில் 1912ல் சுழல் கலப்பையைச் சோதிக்கத் தொடங்கிய ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்டுக்கு, மண் பக்கவாட்டில் சிதறுவதுதான் முதல் தொல்லை. எல் வடிவ பிளேடு அதைத் தீர்த்தது. புல் மண்டிய தோப்புக்கு இன்றும் அதுவே ஏற்றது. ஏலாவில் சேற்றுழவும் உண்டென்றால் வேறு வடிவங்களையும் கேட்டுப் பாருங்கள். செயினா கியரா என்றால் நம் கல் நிலத்துக்குக் கியர். கல்லிலோ தென்னங்குற்றியிலோ மோதினால் முதலில் உடைய வேண்டியது மலிவான ஷியர் போல்ட். அதோ, நழுவும் கிளட்சோ இல்லாத கருவியில் உடைவது கியர்பெட்டி.

பணம் கொடுக்குமுன் உங்கள் விளையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஈரம் மிகுந்த மழைநாள் வேண்டாம். கோடைமழை பெய்து மண் உதிரும் பக்குவத்தில் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் மண்ணுக்குள் கைவிட்டு, அடியில் ஆழம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கட்டி கட்டியாகக் கிடந்தால் வண்டியை மெதுவாக ஓட்டி, பின்பலகையைத் தாழ்த்தி மறுபடி பார்க்கலாம்.

மானியம் வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பம், பிறகுதான் கொள்முதல். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை உண்டு. விவரத்தைக் கிருஷிபவனில் கேட்கலாம். பிளேடும் போல்ட்டும் நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ கிடைக்குமா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் அந்தத் தண்டில் வேட்டி நுனியோ தோர்த்தோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். தண்டின் மேல் உறை இல்லாத ரோட்டவேட்டரை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.