மரம் தின்னும் மட்டியும் கடலை வேர்முடிச்சும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ராயபுரம், காசிமேடு பக்கம் போனால் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதைக் காணலாம். மரப்படகு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய எதிரி, கப்பல் புழு. வெளியே குண்டூசித் துளைதான் தெரியும். உள்ளே பலகை தேனடைபோல ஆகியிருக்கும். நடுக்கடலில் அந்தப் பலகை விட்டுப்போனால் படகோடு உயிருக்கும் ஆபத்து.

பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டி இனம். உடல் நீண்டுவிட்டது. சிறுத்துப்போன இரண்டு ஓடுகளும் மரத்தை அராவும் கருவியாகிவிட்டன.

மரத்தில் செல்லுலோஸ் ஏராளம். ஆனால், அது எளிதில் செரிக்காது. தழைச்சத்தோ மிகக் குறைவு. இந்த இரண்டு சிக்கலையும் தீர்ப்பது, புழுவின் செவுளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். 1983-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இவற்றில் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். செல்லுலோஸைக் கரைக்கும் நொதியையும் அது சுரக்கிறது, தழைச்சத்தையும் நிலைநிறுத்துகிறது. கப்பல் புழு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரூத் டர்னரின் பெயரால் அதை 'டெரிடினிபாக்டர் டர்னரே' என்கிறார்கள்.

நிலக்கடலை, உளுந்து வேர்முடிச்சில் ரைசோபியம் செய்வதும் இதே தழைச்சத்து வேலைதான். செடி மாவுச்சத்தைத் தருகிறது. பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது.

துணை பாக்டீரியா எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், கப்பல் புழுவுக்குக் கடல்நீர் வேண்டும். கட்டுமரத்தைத் தினமும் கரையேற்றி உலர்த்திய பழக்கம் அதற்கு எதிரான காவலாகவும் இருந்தது. தண்ணீரிலேயே நிற்கும் மரப்படகுக்குத் தாரும் செம்பு கலந்த பெயின்ட்டும் காவல். இன்று பைபர் படகுகள் பெருகியதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

கடலில் நாம் விரட்டும் கூட்டணியை வயலில் வரவேற்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கான நிலக்கடலை விதைக்கு 3 பாக்கெட் (600 கிராம்) ரைசோபியத்தை ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி, உடனே விதையுங்கள். பூஞ்சணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை 24 மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். பாக்கெட் வாங்கிய காசும் வீண்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க, பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் தழைச்சத்து சேரவில்லை என்று பொருள்.