நிறம் மாறும் இரும்பு யானைகள்

பாலைவனத்துக்கு மணல் நிறம், வயல்வெளிக்குப் பச்சை. ஆனால் வெப்பத்தையே பார்க்கும் கருவிகள் வந்தபின் டாங்கியை ஒளித்துவைக்க வெறும் பெயின்ட் போதவில்லை. ஆவடியில் பிறந்த அர்ஜுனுக்கோ உடம்பின் எடையே பெரிய சோதனை.

குடியரசு தினத்தன்று டெல்லி கர்த்தவ்ய பாதையில் உருண்டு போகும் டாங்கிகள் புதுமாப்பிள்ளை போல இருக்கும். சங்கிலிப் பட்டையில் துளி மண் கிடையாது. பெயின்ட் புத்தம்புதியது. எண்கள் பளிச்சென்று தெரியும். கூட்டம் கைதட்டும்.

போர்முனையில் இந்தப் பளபளப்புதான் எமன். வெயிலில் ஒரு முகப்பு விளக்கின் கண்ணாடி மின்னினால் போதும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எதிரி கவனித்துவிடுவான். அதனால்தான் உண்மையான போர் டாங்கி அழுக்காக, மங்கலாக, சுற்றியுள்ள மண்ணோடு மண்ணாக இருக்கவே ஆசைப்படுகிறது.

நிறத்தை வைத்தே ஒரு டாங்கி எங்கே சண்டை போடப்போகிறது என்று ஊகிக்கலாம். ராஜஸ்தான் பக்கம் ஓடும் இந்திய டாங்கிகளுக்கு மணல் நிறம், அதன்மேல் கோணல்மாணலாகப் பச்சைப் பட்டைகள். இது அலங்காரம் அல்ல. மனிதக் கண் பொருளை அதன் விளிம்பை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. பட்டைகள் அந்த விளிம்பை உடைக்கின்றன. தூரத்தில் பார்ப்பவனுக்கு டாங்கி தெரியாது. புதரும் மணல்மேடும்தான் தெரியும்.

ஐரோப்பாவில் கதை வேறு. அடர்ந்த காடுகளுக்கு ஏற்ப பச்சை, பழுப்பு, கறுப்பு என்று மூன்று நிறத்தை 1980களில் ஜெர்மனி கையாண்டது. அமெரிக்காவும் அதே பாணிக்கு வந்தது. மேற்கு பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் படை இன்னும் ஒரு படி மேலே போனது. தன் சீஃப்டன் டாங்கிகளில் வெள்ளை, சாம்பல், பழுப்பு நிறங்களில் கட்டம் கட்டமாக வரைந்தது. கட்டடங்களும் ஜன்னல்களும் நிறைந்த நகரத்தில் அதுதான் சரியான மாறுவேடம்.

தவறான நிறத்தில் போருக்குப் போனால்? 1991 வளைகுடாப் போருக்காக ஜெர்மனியிலிருந்து சவூதி அரேபியாவுக்கு வந்து இறங்கிய பல அமெரிக்க டாங்கிகள் காட்டு நிறத்தில் இருந்தன. துறைமுகத்திலேயே அவசர அவசரமாக மணல் நிறம் தெளிக்கப்பட்டது. ரசாயன ஆயுதங்களைத் தாங்கும் அந்த விசேஷப் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு உண்டு. தெளித்தவர்களில் பலருக்குத் தகுந்த முகமூடி இல்லை. பின்னாளில் மூச்சுக் கோளாறு என்று புகார்கள் எழ, பென்டகன் விசாரிக்க வேண்டியதாயிற்று. எதிரியின் குண்டு படாமலே வந்த காயம்!

கண்ணுக்குத் தெரியாத நிறம்

நிஜப் பிரச்சினை கண்ணுக்கு அப்பால் இருக்கிறது. பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு பிரதிபலிக்கும். சாதாரணப் பச்சைப் பெயின்ட் அப்படிச் செய்யாது. ஆகவே இரவு நேரக் கருவியில் பார்த்தால் வெளிச்சமான இலைகளுக்கு நடுவே டாங்கி மட்டும் கறுத்த திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். ராணுவப் பெயின்டில் இலையைப் போலவே நடிக்கும் நிறமிகளைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவியிடம் இந்த நடிப்பும் செல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், உராய்ந்து சூடேறிய சங்கிலி, சுட்டு முடித்த பீரங்கிக் குழாய் எல்லாம் அதில் ஒளிரும். வெப்பத்தை மறைக்கும் விசேஷப் போர்வைகளைச் சுற்றுவதும், புகைபோக்கியின் சூட்டைத் தணிப்பதும்தான் இப்போதைக்கு மாற்று வழி.

பீரங்கிக் குழாய்க்கும் உறை உண்டு. ஆனால் அது ஒளிந்துகொள்ள அல்ல. வெயில் மேல்பக்கத்தில் மட்டும் பட்டால் குழாய் மயிரிழை அளவு வளையும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அந்த மயிரிழை குறியைத் தவறவிடும். வெப்பம் சமமாகப் பரவ அந்த உறை உதவுகிறது.

டாங்கியின் மேனியில் செங்கல் அடுக்கியதுபோலத் தெரிபவை வெடிமருந்துப் பெட்டிகள். பாய்ந்து வரும் ஏவுகணை பட்டதும் இவை வெளிப்புறமாக வெடித்து, அதன் உலோகத் தாரையைச் சிதறடிக்கும். மேலே சுழலும் 'டரட்'டின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குழாய்கள் புகைக்குண்டு வீசுபவை. எதிரியின் லேசர் தன்மேல் பட்டதை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. ரஷ்யாவின் டி-90இல் பீரங்கியின் இருபக்கமும் சிவந்த கண்கள் போல எரியும் இரண்டு விளக்குகள், வரும் ஏவுகணையின் வழிகாட்டும் கருவியைக் குழப்புவதற்கானவை. இந்தியா வாங்கிய டி-90களில் இந்தக் கண்கள் இல்லை.

அர்ஜுனின் எடை

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது 1965இல். முழுக்க இந்தியாவிலேயே வடிவமைக்கும் டாங்கிக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. தொடக்க ஒதுக்கீடு 15.5 கோடி ரூபாய். ராணுவத்தின் கைக்கு முதல் ஐந்து அர்ஜுன்கள் வந்தபோது ஆண்டு 2004. அதற்குள் ஒரு தலைமுறை அதிகாரிகளே ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

தாமதத்தை வைத்து அர்ஜுனைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 2010இல் ராஜஸ்தானில் டி-90உடன் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் அது சளைக்கவில்லை. அதன் 'காஞ்சன்' கவசம் ஐதராபாத் காஞ்சன்பாக்கில் உருவானது. டி-72, டி-90களில் மூன்று பேர். குண்டுகளை இயந்திரமே ஏற்றும், அவை வீரர்களின் காலடியிலேயே அடுக்கப்பட்டிருக்கும். அர்ஜுனில் நான்கு பேர். குண்டுகள் தனி அறையில். தீப்பிடித்தால் வெடிப்பு வெளியே போகும்படி அமைப்பு. உக்ரைன் போரில் டரட் பிய்த்துக்கொண்டு பறந்த ரஷ்ய டாங்கிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

இடிப்பது எடை. முதல் அர்ஜுன் 58.5 டன். கூடுதல் கவசமும் கண்ணிவெடிகளைக் கிளறித் தள்ளும் ஏரும் பொருத்திய மார்க்-1ஏ சுமார் 68 டன். டி-90 வெறும் 46.5 டன். பஞ்சாபின் கால்வாய்களையும் பாலங்களையும் கடக்க இந்த எடை தடை. மணல் நிறம் அர்ஜுனுக்குப் பொருந்திப்போனது இதனால்தான்: பாலைவனமே அதன் வீடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டி-90களுக்கு ஆர்டர் கொடுத்த நாடு, அர்ஜுனுக்கு முதலில் 124, பிறகு 2021இல் 7,523 கோடி ரூபாய்க்கு 118 என்று கணக்குப் பார்த்தது. ஆர்டர் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் ஆர்டர் குறையும். ஜெர்மன் எஞ்சினை நம்பியிருந்ததும் சிக்கலாயிற்று. 1,500 குதிரைத்திறன் கொண்ட இந்திய எஞ்சின் மைசூரில் முதன்முறை இயக்கிப் பார்க்கப்பட்டது 2024இல்தான். லடாக் மலைகளுக்காக 25 டன்னில் 'ஜோராவர்' என்ற தம்பியும் அதே ஆண்டு வெளியே காட்டப்பட்டான்.

2020இல் நாகோர்னோ-கராபாக், 2022 முதல் உக்ரைன் என்று ஆளில்லா விமானங்கள் புதிய பாடம் சொல்கின்றன. டாங்கியின் கவசம் முகப்பில்தான் தடிமன். தலைக்கு மேலே மெல்லிசு. பல லட்சம் ரூபாய் பெறுமான நுட்பக் கருவிகளுக்கு மேலே ரஷ்யர்கள் இரும்புக் கம்பியில் கூண்டு கட்டியது அதனால்தான். பார்க்க அசிங்கம். ஆனால் உள்ளே இருக்கும் மூன்று நான்கு பேருக்கு அழகு முக்கியமில்லை. மாலையில் உயிரோடு இறங்கி வெளியே வருவதுதான் முக்கியம். எந்த நிறம் அடிப்பது, எத்தனை டன் சுமப்பது என்று முடிவெடுப்பவர்கள் போட வேண்டிய கணக்கும் அதுதான்.