உரம் தூவும் விமானம் தரையை விட்டெழும் நேரம்

“மரவுச்சியை ஒட்டிப் பறந்து மருந்து தெளிக்கும் விமானம், பறக்கையில் மோதி விழுவது விளங்குகிறது. கிளம்பும்போதே விழுவது ஏன், ஐயா?” என ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எம்மை வினவினான். நல்ல வினா. பெற்றோரும் அறியத்தக்கதாகலின் ஈண்டு விடை பகர்கின்றோம்.

1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜான் மக்ரெடி எனும் விமானி, புழு அரித்த மரத்தோப்பொன்றின்மீது நச்சுத்தூளைத் தூவினார். அதுவே இத்தொழிலின் தொடக்கம். நியூசிலாந்திலோ 1949-இல் ‘டைகர் மாத்’ என்னும் சிறு விமானங்கள் ஆட்டு மேய்ச்சல் மலைகளில் உரம் தூவத் தொடங்கின. மேட்டுக்காட்டில் உர மூட்டை சுமந்த நம் தோட்டத்து மக்களுக்கு அதன் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி வினாவுக்கு வருவோம். ஓடும் லாரியில் உள்ளங்கையைச் சற்றே சாய்த்து நீட்டினால் காற்று அதனை மேலே தூக்கும். (அவ்வாறு நீட்டலாகாது என்று எச்சரிப்பவரும் நாமே!) இறக்கையைத் தாங்குவதும் அவ்விசையே. வேகம் இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். ஆகவே விமானத்தின் எடை 21 விழுக்காடு கூடினால், எழுவதற்கு வேண்டிய வேகம் 10 விழுக்காடே கூடும். இவ்வளவுதானே என்று எண்ணற்க! கனத்த விமானம் வேகம் பிடிப்பதும் மெதுவாகவே. எனவே ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். புல் நனைந்திருந்தால், வெயிலில் காற்று இலேசாகியிருந்தால், பின்காற்று வீசினால், இன்னும் நீளும். ஓடுதளமோ நீளாது.

பயணிகள் விமானம் நெடிய, உறுதியான தளத்திலிருந்து கிளம்பும். இதுவோ குன்றின்மேல் ஒரு புல்தரையிலிருந்து ஒரே நாளில் பன்முறை எழும். ஒவ்வொரு முறையும் தொட்டி நிறைய உரம். எழுந்தவுடன் இயந்திரம் சற்றே தளர்ந்தாலும், திரும்பி இறங்க உயரமும் இராது, வேகமும் இராது.

இதற்கெனவே விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை இழுத்தால் தொட்டியின் அடிக்கதவு திறந்து, சுமை சில நொடிகளில் கொட்டிவிடும். ஆயினும் ஈரம் பட்ட உரம் மூட்டையில் கட்டி பிடிப்பதை நீங்கள் அறிவீர்கள். தொட்டியிலும் அவ்வாறே கட்டி பிடித்துக் கொட்டாமல் நின்றுவிடுவதுண்டு. அதனினும் பெரிய இடர் மனத்தயக்கம். தூவும் உரத்தின் எடைக்கேற்பக் கூலி என்றால், கொட்ட எவருக்குத்தான் கை வரும்? நிறுவைக்குப் பால் வெட்டுவோர் இதனை நன்குணர்வர். ஆதலின், ஓடுதளத்தின் ஓரத்தில் ஓர் அடையாளத்தை முன்னரே குறித்துக்கொண்டு, அதற்குள் போதிய வேகம் வாராவிடில் சிந்தியாது கொட்டிவிடுவதே அறிந்த விமானியர் வழக்கம்.

விமான அமைப்பிலும் மாற்றம் வந்தது. ஃபிரெட் வைக் என்னும் பொறியாளர் வடிவமைத்து 1950-இல் பறந்த ஏஜி-1 விமானத்தில், தொட்டி முன்னும் விமானியின் இருக்கை பின்னே உயரத்திலும் அமைந்தன. மோதினால் பாரம் அவர் முதுகில் வந்து விழாது.

குறித்த இடத்தில் கொட்டப்பட்ட உரம் ஓடுதளத்தின் முனையில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். விமானி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவார்; அடுத்த முறை சற்றுக் குறைவாக ஏற்றச் சொல்லுவார்.