தலைவர் மாறினாலும் சங்கம் நிலைக்க



தைப்பூசத்திற்கோ, பிள்ளைகளுக்குத் துணிமணி எடுப்பதற்கோ தோட்டத்திலிருந்து பினாங்கு ஜோர்ஜ்டவுனுக்கு வந்தவர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒருமுறையாவது நடந்திருப்பீர்கள். முற்காலத்தில் அதைப் பிட் தெரு என்பார்கள். சாலையின் ஒரு கோடியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றும் குவான் யின் கோயில். பக்கத்துத் தெருவான குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். அதற்கப்பால் அந்தச் சாலைக்கே பெயர் தந்த பள்ளிவாசல். நான்கு சமயத்தாரும் ஒரே சாலை வழியாகப் போய்வருகிறார்கள்.

இன்றைய பேச்சின் பொருள் சங்கம். பொதுமக்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் ஒரு சங்கத்தில் தலைவர் மாறும்போது என்ன நடக்கிறது, அதன் நிர்வாகத்தை எப்படிச் சீராக வைத்திருப்பது என்பதைப் பற்றிப் பேசப்போகிறோம். அதற்கு முதற்பாடம் இந்தச் சாலையிலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக விளங்கிய காதர் முகைதீன் என்பவர் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் பள்ளிவாசலுக்கென்று நிலம் வழங்கியது. நகரம் வளர வளர அந்த நிலத்தின் மதிப்பும் வளர்ந்தது. ஆனால் நிர்வாகம் அதற்கேற்ப வளரவில்லை. அறச்சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டது. முடிவில் 1905இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறச்சொத்துகளைக் கவனிக்க ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. இன்று நாம் அறிந்திருக்கும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேரும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

பொதுச்சொத்துக்கு முறையான கணக்கும் கண்காணிப்பும் இல்லையென்றால், வெளியிலிருந்து ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். இதுதான் அந்த வரலாறு சொல்லும் பாடம்.

ஆனால் நேயர்களே, எல்லாச் சங்கத்திற்கும் இந்த வழி பொருந்துமா? எந்தச் சமயத்தையும் சாராமல், எந்தக் கட்சியையும் சாராமல், மக்களுக்காக வாதாடும் சங்கங்கள் இருக்கின்றன. விலை ஏன் ஏறியது, ஆறு ஏன் கெட்டது, மருந்து ஏன் நஞ்சானது என்று முதலாளியையும் கேட்கும், அரசையும் கேட்கும். அப்படிப்பட்ட சங்கத்தை அரசின் வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது அரசைக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? முடியாது. அதை அதன் உறுப்பினர்கள்தாம் காக்க வேண்டும். காப்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் கருவிகள் மூன்று. எழுதிவைத்த விதி, திறந்துவைத்த கணக்கு, காலம் தவறாத தேர்தல்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பினாங்கிலேயே பார்ப்போம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1970 முதல் இயங்கி வருகிறது. எடை குறைந்த பொருள், கலப்படம், கட்டி முடிக்காத வீடு என்று அதனிடம் வந்த முறையீடுகள் கணக்கில் அடங்கா. தொழிற்சாலைக் கழிவால் மீன்வளம் அழிந்த செபராங் பிறை, கோலா ஜூரு மீனவர்களுக்கு அது துணை நின்றது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இதழ்களும் நூல்களும் வெளியிட்டது.

தொடக்கக் காலம் முதல் அதன் தலைவராக இருந்தவர் எஸ். எம். முகமது இத்ரீஸ். தமிழ் பேசும் வணிகர். எளிய வெள்ளை உடைக்காரர். பெரிய கம்பெனிகளுக்கும் அமைச்சுகளுக்கும் அஞ்சாமல் கடிதம் எழுதியவர். 2019ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அவர் மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒருவரே தலைவர்! சங்கத்தின் பெயரைச் சொன்னால் அவர் முகம்தான் மக்கள் மனத்தில் தோன்றும்.

அப்படி ஒருவர் மறைந்தால் சங்கம் என்ன ஆகும்? நம் ஊர்களில் நாம் பார்த்ததுதான். தலைவர் இறந்த மறுமாதம் பலகை மட்டும் தொங்கும். பூட்டைத் திறக்க ஆள் இருக்காது. கணக்குப் புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இங்கு அப்படி நடக்கவில்லை. அச்சங்கத்தில் நெடுநாள் பணியாற்றிய மொகிதீன் அப்துல் காதர் தலைவர் பொறுப்பை ஏற்றார். இத்ரீஸ் தலைமை வகித்த மற்றொரு அமைப்பு, சுற்றுச்சூழலுக்காகப் பாடுபடும் சகாபாட் ஆலம் மலேசியா. அதன் தலைமைக்கு வழக்கறிஞர் மீனாட்சி ராமன் வந்தார். ஒருவர் அமர்ந்திருந்த இரண்டு நாற்காலிகளில் இப்போது இருவர் அமர்ந்தனர். சுமையும் பகிரப்பட்டது, பொறுப்பும் பகிரப்பட்டது.

இது ஒரே நாளில் கைகூடியது அன்று. முதலிலிருந்தே அங்கு ஆட்களை வளர்த்தார்கள். தொடக்கக் காலத்தில் முன்னின்றவர்களில் ஒருவரான அன்வர் பசால், 1978 முதல் 1984 வரை உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்கே தலைவராக இருந்தார். ஆய்வுப் பணியில் தேர்ந்த மார்ட்டின் கோர், 2009இல் ஜெனிவாவில் வளரும் நாடுகளின் ஆய்வு மையமான தென்னக மையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர்கள் வெளியே போனபோதும் வேலை நிற்கவில்லை. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். அப்போதும் சங்கத்தின் கதவு மூடப்படவில்லை. ஒருவர் இல்லாதபோது மற்றவர் செய்யத் தெரிந்திருந்தார்.

இருந்தாலும் ஒரு கேள்வியை நாம் கேட்கத்தான் வேண்டும். ஒரே தலைவர் ஐம்பது ஆண்டு இருப்பது நல்லதா? அதில் நன்மை உண்டு. நீண்ட நினைவு, உறுதி, மக்களின் நம்பிக்கை ஆகியவை கிடைக்கும். ஆனால் எல்லாத் தலைவரும் இத்ரீஸ் ஆகமாட்டார்கள். நல்லவர் ஒருவரை நம்பி விதியைத் தளர்த்தினால், அடுத்து வரும் கெட்டிக்காரர் அந்தத் தளர்ந்த விதியிலேயே புகுந்துகொள்வார். ஆகவே நல்ல தலைவர் இருக்கும் காலத்திலேயே விதியை இறுக்கிவைப்பது அறிவுடைமை.

வேறு வழியில் சென்ற சங்கமும் பினாங்கில் உண்டு. அலிரான் என்னும் சீர்திருத்த இயக்கம் 1977இல் தொடங்கியது. எல்லா இனத்தாரும் சமயத்தாரும் அதில் சேரலாம். அதை நிறுவியவர்களில் முதன்மையானவர் சந்திரா முசாபர். அவர் 1991இல், உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே, தலைமையிலிருந்து விலகினார். பின்னர் ப. இராமகிருஷ்ணன், பிரான்சிஸ் லோ எனப் பிறர் அப்பொறுப்பை வகித்தனர். நிறுவியவர் போன பின்னும் இயக்கம் தொடர்ந்தது. மரணம் வந்து நாற்காலியைக் காலி செய்யும்வரை காத்திராமல், மனிதரே எழுந்து இடம் கொடுக்கவும் முடியும் என்பதற்கு இது சான்று.

சரி, இதெல்லாம் நகரத்துப் படித்தவர்களின் விவகாரம், தோட்டத்துக் குடும்பத்துக்கு இதனால் என்ன என்று சில தாய்மார்கள் நினைக்கக்கூடும். மருந்து அடிக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். முதுகில் டாங்கியைச் சுமந்து, பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை அடித்த பெண்கள் எத்தனை பேர்! நகம் கழன்று விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. இதைத் தடைசெய்யக் கோரிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும், தொழிலாளப் பெண்களுக்காகப் பாடுபட்ட தெனாகானித்தாவும் குரல் கொடுத்தன. 2002இல் அரசு அதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள்.

கணக்குப் பாருங்கள். அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள். இடையில் தெனாகானித்தாவை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ் 2014இல் மறைந்தார். இத்ரீஸ் 2019இல் மறைந்தார். தலைவரோடு சங்கமும் படுத்திருந்தால், மருந்து அடிக்கும் பெண்ணின் வழக்கை எடுத்துச் சொல்ல யார் இருந்திருப்பார்? நம் குறைகள் நீண்ட ஆயுள் உள்ளவை. அவற்றைத் தீர்க்கும் சங்கத்துக்கும் நீண்ட ஆயுள் வேண்டும்.

இனி, சங்கத்தின் ஆயுளைக் காக்கும் முறைகளைப் பார்ப்போம். மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் இருக்கிறது. அதன்கீழ்ச் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிய வேண்டும். சங்கத்துக்கு எழுதப்பட்ட அமைப்பு விதி வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலையும் வரவு செலவுக் கணக்கையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் பதிவே ஆபத்துக்கு உள்ளாகலாம்.

உரிமைக்குரல் எழுப்பும் சங்கத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம். 1981இல் இச்சட்டத்தில் திருத்தம் வந்தது. அரசின் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்லும் சங்கங்களை அரசியல் சங்கங்கள் என்று தனியே பிரிக்க அது வழிசெய்தது. பல சங்கங்கள் ஒன்றுகூடி எதிர்த்தன. 1983இல் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்களின் கணக்கில் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டை வழியாகவே அவர்களை அடக்கிவிடலாம். சுத்தமான கணக்கே அவர்களுக்குக் கவசம்.

சட்டம் கேட்பது குறைந்த அளவு. நல்ல சங்கம் அதற்கு மேலும் செய்யும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகளில் ஒருவர் இத்தனை தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதியில் எழுதிக்கொள்ளலாம். வங்கியிலிருந்து பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். அந்த இருவர் கணவன் மனைவியாகவோ, அண்ணன் தம்பியாகவோ இருக்கக்கூடாது. தணிக்கையாளர் செயலவையில் இல்லாதவராக இருக்க வேண்டும். கூட்டக்குறிப்பைச் செயலாளர் அன்றன்றே எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக்காட்ட வேண்டும். துணைத்தலைவர் பெயருக்கு மட்டும் இல்லாமல், ஆண்டில் சில கூட்டங்களையாவது தாமே நடத்திப் பழக வேண்டும். தலைவர் மாறும் நாளில் ரசீதுப் புத்தகம், வங்கிப் புத்தகம், சாவி, கோப்புகள் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, சாட்சி முன்னிலையில் கைமாற்ற வேண்டும்.

பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் செயலவையில் இடம் வேண்டும். வீட்டுச் செலவைக் காசு காசாகக் கணக்குப் பார்க்கும் தாய்மாருக்குச் சங்கக் கணக்குப் புரியாதா? கைப்பேசியிலேயே வரவு செலவு எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பொருளாளருக்கு உதவி செய்யத் தெரியாதா?

கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். பொதுக்கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் இதைச் சொல்லி அடக்கிவிடுவதும் உண்டு. உறவுக்குள் நூல் பிடித்தாற்போல் கணக்குப் பார்ப்பதை வேண்டுமானால் அது தடுக்கட்டும். பொதுப்பணத்துக்கு ஏற்ற பழமொழி வேறு: ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். கேள்வி கேட்பவர் பகைவர் ஆகமாட்டார். கேட்ட கேள்விக்குக் கணக்கு காட்டிய பொருளாளரின் மதிப்பு உயரத்தான் செய்யும்.

தோட்டத்தில் இருந்தாலும் சரி, தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோயிருந்தாலும் சரி, உங்களைச் சுற்றிச் சங்கங்கள் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், வேலைக் களைப்பென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். போய் முன்வரிசையில் உட்காருங்கள். சென்ற ஆண்டுக் கூட்டக்குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நம் தலைவருக்குப் பிறகு இந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டிருப்பவர் யார் என்று மரியாதையோடு கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அதே கூட்டத்தில் இருவரைத் தேர்ந்தெடுத்துப் பழகவிடுங்கள்.