சுவரொட்டியில் இல்லாத வரி

காலை ஆறரை மணிக்கு ஜுரு டோல் பக்கம் நின்றால், தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் பிறைக்கும் புக்கிட் மின்யாக்குக்கும் போவதைப் பார்க்கலாம். எஸ்பிஎம் முடித்த கையோடு நானும் மூன்று மாதம் அப்படி ஒரு பேருந்தில் போய் வந்தேன். உலோகத் தகடு அடிக்கும் பகுதியில் வேலை. வாசலில் ஒரு பெரிய சுவரொட்டி. மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் கட்டை விரலை உயர்த்திச் சிரிப்பார். 'உத்தாமாக்கான் கெசெலாமாத்தான்' என்று எழுதியிருக்கும். பாதுகாப்புக்கு முதலிடம் கொடுங்கள் என்று பொருள். யார் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை.

காதடைப்பான் கொடுத்தார்கள், எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். அம்மா கூப்பிடுவதும் சரியாகக் கேட்காது.

இதைச் சொன்னபோது பாட்டி சிரித்தார். "எங்களுக்கு அந்தப் படங்கூட கெடையாதும்மா."

பாட்டி தோட்டத்தில் பல வருடங்கள் முதுகில் பம்பைச் சுமந்து, செம்பனை மரங்களுக்கிடையே புல்லுக்கு மருந்து அடித்தவர். நஞ்சுக்கு நாம் வைத்த பெயரைப் பாருங்கள், மருந்தாம்! நகம் கறுத்து விழும், மூக்கில் இரத்தம் வரும். உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

தோட்டங்களில் அதிகம் அடிக்கப்பட்ட களைக்கொல்லி பாராகுவாட். ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடியது. நுரையீரலைக் கெடுக்கும், முறிவு மருந்து கிடையாது. மருந்தடித்த பெண்களின் பாதிப்புகளைத் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் ஆராய்ந்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் தடை கோரிப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. அதே 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி.

எனக்குத் தெரிந்து நம் மக்களைத் தொட்ட உண்மையான விழிப்புணர்வு இயக்கம் அதுதான். கையுறை போடு என்பதோடு அது நிற்கவில்லை. இந்த நஞ்சு எதற்காக இங்கே இருக்கிறது என்று கேட்டது. பாதுகாப்புத் துறையின் பாடமும் அப்படித்தான் தொடங்குகிறது. முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் மாற்றுப் பொருள், இயந்திரத்துக்குத் தடுப்பு. கையுறையும் காதடைப்பானும் கடைசியில்தான் வரும். நம் சுவரொட்டிகளோ கடைசியில் இருந்துதான் ஆரம்பிக்கின்றன.

சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பதிவாகும் தொழில்சார் நோய்களில் இரைச்சலால் வரும் காது கேளாமை பல ஆண்டுகளாக முன்னணியில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபல்தான் எல்லை. அதைத் தாண்டும் இடத்தில் முதலாளி சத்தத்தைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அளக்கக் கருவி இல்லையா? ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே ஏறக்குறைய அந்த அளவு சத்தம் இருக்கிறது. உட்காதில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைக்காது.

நுரைக் காதடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். மூன்று மாதமும் நான் காது ஓரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகியிருக்கிறது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நெருங்கியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம்; அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இந்த வரியை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

என் மாமா மகன் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். கை தூரச் சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னேன். "கத்தினாத்தான்க்கா கேக்குது" என்றான். செவிப் பரிசோதனை எப்போது என்று மேற்பார்வையாளரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.