முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்க்

1970-ம் ஆண்டு மாடல் செவர்லே சி-10 பிக்கப்பின் கதவைத் திறந்து, பெஞ்ச் சீட்டின் சாய்மானத்தை முன்பக்கம் மடக்கினால் அங்கே காலி இடம் இருக்காது. கேபினின் அகலத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டு பெட்ரோல் டேங்க் நிற்கும். சுமார் 20 கேலன், அதாவது 75 லிட்டர் பிடிக்கும் டேங்க். ஓட்டுபவரின் முதுகுக்கும் அதற்கும் நடுவே சீட்டின் ஸ்பிரிங்கும் பஞ்சும்தான். பிரேக் போட்டால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் காதில் விழும். மூடியின் ரப்பர் நைந்துபோயிருந்தால் வெயில் நாளில் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் காலத்து வாகனப் பொறியாளர் யாரிடமாவது இப்படி ஒரு படத்தை வரைந்து நீட்டினால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். அன்றைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. பிக்கப் என்பது அமெரிக்க விவசாயிக்கும் பண்ணைக்காரருக்கும் வேலை வண்டி. கேபினுக்குப் பின்னால் சரக்குத் தொட்டி வருமா, வெறும் பலகைத் தளம் வருமா என்பது வாங்குபவரின் விருப்பம். டேங்க் கேபினுக்குள்ளேயே இருந்துவிட்டால் பின்னால் எதைப் பூட்டினாலும் கவலையில்லை. கல்லும் சேறும் அடிக்காது, குழாய் போடுவதும் சுலபம். முழங்கால் இடிக்காமல் மூன்று பேர் உட்கார்ந்தால் போதும் என்று கணக்குப் போட்ட வண்டியில், சாமான் வைக்க இடம் கேட்டவர்கள் குறைவு.

1973 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டேங்கை கேபினிலிருந்து வெளியேற்றியது. போன இடமும் சரியாக அமையவில்லை. சேசிஸ் சட்டத்துக்கு வெளிப்புறம், பக்கவாட்டில் கொண்டுபோய் மாட்டினார்கள். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் அடி நேராக டேங்குக்கு. இதை வைத்து வழக்குகள் குவிந்தன. 1992-ல் என்பிசி தொலைக்காட்சி இந்த வண்டி தீப்பற்றுவதைக் காட்டி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. தீ கட்டாயம் பிடிக்க வேண்டும் என்று வண்டிக்கடியில் பற்றவைக்கும் கருவிகளைக் கட்டியிருந்தது அம்பலமாகி, மறு ஆண்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1994 டிசம்பரில் பாதுகாப்புத் திட்டங்களுக்காக 5 கோடியே 10 லட்சம் டாலர் செலவிட ஒப்புக்கொண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க அரசுடன் சமரசம் செய்துகொண்டது.

பழைய சி-10 வைத்திருப்பவர்கள் இன்றைக்கு டேங்கை வெளியே மாற்றும்போது பக்கவாட்டை ஏறெடுத்தும் பார்க்காததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே, பின் அச்சுக்கும் பின்னால் மாட்டுகிறார்கள். பிந்தைய செவர்லே பிளேஸரின் டேங்க் அந்த இடத்தில் பொருந்துவதால் பலர் அதையே தேடி வாங்குகிறார்கள். ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்த இடம் பறிபோகும். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் இடம் வேண்டும் என்ற ஆசையைக் கம்பெனிகளும் 1970-களிலேயே மோப்பம் பிடித்துவிட்டன. 1973-ல் டாட்ஜ் 'கிளப் கேப்' என்று நீட்டிய கேபினைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஃபோர்டின் 'சூப்பர் கேப்'. 1977-ல் டட்சன் தன் சிறிய பிக்கப்பிலேயே 'கிங் கேப்' போட்டது. செவர்லேயின் பெரிய பிக்கப் வாங்கியவர்கள் நீட்டிய கேபினுக்கு 1988 மாடல் வரை காத்திருந்தார்கள். ஆகவே அதற்கு முந்தைய பெரிய ஒற்றை கேபின் செவர்லேயை ஆசையாக வைத்திருப்பவர் இடத்தைத் தானேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

டேங்கை எடுத்த கையோடு, அந்த இடத்தில் சேமிப்புப் பெட்டி செய்ய பிளைவுட்டை அறுக்கத் தொடங்குபவர்கள்தான் அதிகம். அவசரம் அங்கேதான் காலை வாரும். முதலில் மேட்டைக் கழற்றித் தரையைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் கேபினின் பின்மூலைகள் துருவுக்குப் பேர்போனவை. பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் சுவர் வழியே இறங்கி மூலையில் தேங்கும். டேங்க் மறைத்துக்கொண்டிருந்ததால் ஐம்பது வருடமாக யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் மூலையை ஒரு குத்து குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல தகடு 'டங்' என்னும், கெட்டது பொருக்காக உதிரும். துரு இருந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, பெயின்ட் அடித்து, ரப்பரையும் மாற்றிய பிறகுதான் பெட்டி. பற்றவைப்பதற்கு முன் டேங்க் மட்டுமல்ல, பெட்ரோல் குழாயும் வண்டியை விட்டுப் போயிருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும், சொல்லத்தான் வேண்டும்.

டேங்க் போன கேபினில் இன்னொரு மாற்றமும் தெரியும். பின்சுவர் வெறும் தகடு என்பதால் ஓட்டும்போது தமுக்கு மாதிரி அதிரும். உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை அழுத்தி ஒட்டினால் அதிர்வு அடங்கும். பெட்டி வந்தபின் கை நுழையாது என்பதால் இதை முன்பே முடித்துவிட வேண்டும்.

இனி அளவு. சாய்மானம் பின்பக்கம் சரிந்திருப்பதால் அங்கே கிடைக்கும் இடம் ஆப்பு வடிவில் இருக்கும்: கீழே அகலம், மேலே குறுகல். டேப்பை மட்டும் நம்பி வெட்டிய பெட்டி மேல் விளிம்பில் இடித்து, சீட்டை நிமிர விடாது. காலி அட்டைப் பெட்டியைக் கிழித்து, சுவரின் வளைவுக்கு ஏற்ப நறுக்கி, சீட்டை ஓட்டும் நிலையில் வைத்துப் பொருத்திப் பார்ப்பதுதான் கைதேர்ந்தவர்களின் வழக்கம். அட்டை சரியாக உட்கார்ந்தபின் அதை வைத்து 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கோடு போடலாம். நீளம் முழுவதற்கும் ஒரே பெட்டி செய்தால் கதவு வழியே உள்ளே திருப்பிக் கொண்டுபோவது பெரும்பாடு. இரண்டு மூன்று துண்டாகச் செய்து உள்ளே வைத்து இணைப்பது புத்திசாலித்தனம். மூடியும் அப்படியே இரண்டாக இருக்கட்டும். கையுறை எடுக்க முழு மூடியையும் தூக்க வேண்டியதில்லை.

இடுப்பு பெல்ட்டின் போல்ட்டுகள் தரையில் சீட்டின் பின்னோரத்தில்தான் இறங்கும், பெட்டி வரும் அதே இடத்தில். அவற்றைப் பெட்டிக்கடியில் புதைக்கக் கூடாது. பெல்ட் வளையாமல், உரசாமல் வர வழிவிட்டு அந்த இடத்தில் பலகையைக் குடைந்துகொள்ள வேண்டும்.

பலரும் சேமிப்புப் பெட்டியை இடப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் அது கட்டிவைக்கும் பிரச்சினை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் முன்னோக்கித் தள்ளும் விசை அதன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு. 5 கிலோ ஜாக்கி 70 கிலோ ஆளாக மாறிச் சாய்மானத்தில் மோதும். அந்தக் காலத்து பெஞ்ச் சீட்டுகள் பலவற்றில் சாய்மானத்துக்குப் பூட்டே கிடையாது, தள்ளினால் மடங்கும். அதனால் பெட்டியைத் தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வெறும் மர ஸ்க்ரூ போதாது. மூடிக்குக் காந்தம் வேண்டாம், அழுத்திப் பூட்டும் கொக்கித் தாழ்ப்பாள் வேண்டும். ஜாக்கி, இழுவைச் சங்கிலி, வீல் ஸ்பானர் போன்ற கனமானவை தரையோடு தரையாக, வாரால் கட்டப்பட்டு இருக்க வேண்டும். மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, பேட்டரி கேபிள், டார்ச் மேல் அறைக்குப் போகலாம். பெட்ரோல் கேனுக்கு இங்கே இடமில்லை. அதை வெளியேற்றத்தானே இவ்வளவு பாடு!

டேங்கைக் கழற்ற மனமில்லாதவர்களும் உண்டு. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் மதிப்பு என்பவர்கள் அவர்கள். சாய்மானத்தின் முதுகில் கான்வாஸ் பைகளைத் தைத்துத் தொங்கவிடுவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்; வரைபடம், கையுறை, துணி போன்ற மெல்லிய சாமான்களுக்கு அது போதும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் பின்கண்ணாடிக்குக் குறுக்கே துப்பாக்கி மாட்டும் தாங்கியைப் பலர் வைத்திருந்தார்கள். இன்று அதே தாங்கியில் குடையையோ ரசமட்டத்தையோ மாட்டலாம், டேங்கைத் தொடத் தேவையில்லை.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டேங்க் மாட்டியிருந்த போல்ட் துளைகளிலேயே பெட்டியையும் மாட்டுவது, புதிதாக எங்கும் துளை போடாமல். கேபினின் பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றும் துவாரத்தை அடைக்காமல், பழைய மூடியையே பூட்டி விட்டுவிடுகிறார்கள் சிலர். கழற்றிய டேங்கை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொட்டகையில் வைத்திருந்தால், அடுத்து வாங்குகிறவர் பழையபடி கேட்டால் பெட்டியின் போல்ட்டுகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு டேங்கைத் திரும்ப மாட்டிக் கொடுக்கலாம். புது ரப்பர் மூடியும் புதுக் குழாயும் மட்டும் வாங்க வேண்டியிருக்கும்.